1171-க்கு ஒரு டபுள் பெல்

ரப்பர்த் தோட்டத்துக்குள் யானை நிற்பதைக் கண்டதும் நெல்லையப்பன் தலையில் கைவைத்தார். அவர் எழுதிக்கொடுத்த கதையில் யானை கிடையாது. ஒரு ரயில்வே ஸ்டேஷன், ஒரு பாசஞ்சர் வண்டி, இருபத்திரண்டு வயதில் இரண்டு இளவட்டங்கள், அவ்வளவுதான் கதை. இங்கே என்னடாவென்றால், யானைக்குப் பக்கத்தில் ஜிகினாக் கிரீடம் வைத்த இரண்டு ராஜகுமாரர்கள் நின்று ஆளுக்கொரு பருப்புவடை தின்றுகொண்டிருந்தார்கள்.

நிஜ யானை இல்லை. கோயில் திருவிழாக்களுக்கு இப்போது வாடகைக்கு விடுகிறார்களே, சக்கரத்தில் உருண்டு வந்து கரண்டில் காதாட்டும் யானை, அந்த ஜாதி. தோட்டத்துக்குள் ஒயர் எட்டாததால் காதை ஆட்டாமல் சும்மா நின்றது.

அகிலேஷ் பெருமை தாங்காமல் ஓடி வந்தான். உதியன்குளங்கரையில் ஒரு பேக்கரியின் மாடியில் 'அதிர்த்தி விஷன்', அதாவது எல்லை விஷன், என்று உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிறவன் அவன். முதலாளி, டைரக்டர், கேமராமேன், மரண அறிவிப்பு வாசிப்பவன் எல்லாம் அவனே.

"சாரே, யானை எப்பிடி உண்டு?"

"யானை கொள்ளாம் மக்கா, நல்லாத்தான் இருக்கு. எனக்க ரயிலு எங்க?"

"1171-ன்னு சார்தானே எழுதினிய? அப்பம் பாறசாலையில ரயிலு உண்டா? அதுக்காக்கும் யானை."

அவன்மேல் பழிபோட முடியாது. அவருடைய சொந்தக் கை செய்த வேலை அது. நெல்லையப்பன் ஆதாரம் எழுதுகிறவர். நிலம் விற்றாலும் வாங்கினாலும் பாகம் பிரித்தாலும் பத்திரம் எழுதித் தருகிறவர். மாமா காலத்துப் பழைய ஆதாரங்களைப் பார்த்துப் பார்த்துத் தொழில் படித்ததால், தேதி என்றாலே அவர் பேனாவுக்கு மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் வரும். கல்யாணம் நடந்தது 1177-இல், ஃபிரிட்ஜ் வாங்கியது 1183-இல். ஒருமுறை பேங்கில் பிறந்த வருஷம் 1149 என்று எழுதிக் கொடுத்தபோது, கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று அவரை எட்டிப் பார்த்தாள்.

இப்படியாகத்தான் கொல்லம் 1171, மகரம் 9 என்று அவர் மனதில் எழுதி வைத்திருந்த நாளுக்கு, கிரீடமும் யானையும் வந்து சேர்ந்தன.

அந்த நாள் என்ன நாள் என்று கேட்டால், இந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நெல்லையப்பன். இன்னொருவர் வேலாயுதன்.

இருவரும் ஊர் வாசகசாலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சித்திரக்கதை படித்து வளர்ந்தவர்கள். காலத்தில் முன்னும் பின்னும் பாய்கிற வீரன் என்றால் இருவருக்கும் உயிர். ஆனால் அந்த வீரர்கள் எல்லாரும் ஏதோ தூரதேசத்து ஆட்கள். நம்ம பக்கம் ஒருத்தனும் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒரு குறை. ஆகவே இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒருவனை உண்டாக்கினார்கள். பேர் டபுள்பெல். தொழில் பஸ் கண்டக்டர். இடுப்பில் ஒரு மணியும் கயிறும் இருக்கும். போகவேண்டிய தேதிக்கு டிக்கெட் கிழித்து, கயிற்றை இரண்டு இழு இழுத்தால் வண்டி கிளம்புகிற மாதிரி அவன் காலத்துக்குள் கிளம்பிவிடுவான். ஒரு இழு இழுத்தால் இறங்கிக்கொள்வான்.

கதை நெல்லையப்பன், படம் வேலாயுதன். வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் வந்தது. முதல் கதையில் டபுள்பெல் தமிழும் வில்லன் மலையாளமும் பேசினார்கள். பாதி ஊர் முகத்தைத் தூக்கியது. அடுத்ததில் மாற்றிப் பேசினார்கள். மீதி ஊர் தூக்கியது. மூன்றாவதிலிருந்து வில்லன் ஊமை.

கோட்டயத்தில் ஒரு வாரப்பத்திரிகைக்கு எழுதிப்போட்டார்கள். கொண்டுவந்து காட்டுங்கள் என்று ஒரு கார்டு வந்தது. மகரம் 9 காலை பாசஞ்சரில் போவது, பாறசாலை ஸ்டேஷனில் சந்திப்பது என்று முடிவாயிற்று. கதை நெல்லையப்பன் கையில், முப்பத்திரண்டு பக்கப் படம் வேலாயுதன் கையில். ஒன்றில்லாமல் மற்றது வெறும் காகிதம்.

நெல்லையப்பன் போகவில்லை.

மறுநாள் முதல் மாமாவிடம் ஆதாரம் எழுதப் பழகவேண்டும் என்று அப்பா சொன்னது ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால் பயம். அங்கே யாராவது படித்துவிட்டுச் சிரித்தால் என்ன செய்வது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். வண்டியின் ஊதல் சத்தம் படுக்கையில் கேட்டது. சுருட்டிய படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலாயுதன் பிளாட்பாரத்தில் ஒற்றைக்கு நிற்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் இருபத்தொன்பது வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து ஜங்ஷனில் நேருக்கு நேர் வந்தபோது, வேலாயுதன் சடாரென்று திரும்பிப் பக்கத்தில் இருந்த லேடீஸ் டெய்லரிங் கடைக்குள் நுழைந்துகொண்டார். அந்த முகத்திருப்பல் நெல்லையப்பனுக்கு ஈட்டிபோல் இறங்கியது. அதற்குப் பிறகு இவரே வழியை மாற்றிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷ ரப்பர்த் தோட்டம்தான்; அந்தப் பாதையில் அவர் கால் வைத்ததில்லை. வேலாயுதன் இப்போது காரக்கோணம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற உத்தியோகத்தில் இருக்கிறார். பாசியில் வழுக்கிக் கை ஒடிந்தபோது, பக்கத்தில் காரக்கோணம் இருக்க, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குப் போன ஒரே மனிதர் நெல்லையப்பன்தான். ஒரு கல்யாண வீட்டில் இருவரையும் எதிரெதிரே பந்தியில் உட்கார்த்திவிட்டார்கள். வேலாயுதன் பாயசத்துக்கு நிற்காமல் எழுந்து போய்விட்டார். பாயசத்தை விட்டுப் போகிற அளவுக்கு ஒருவன் மனதில் கசப்பு இருந்தால் அதற்கு மருந்தே கிடையாது என்று இவரும் பாதியில் எழுந்தார்.

சிரிப்பு வருகிற சங்கதி எது நடந்தாலும் இதை வேலாயுதனிடம் சொல்லவேண்டுமே என்றுதான் முதலில் தோன்றும். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். மனைவி உமையம்மாள் நல்லவள்தான், ஆனால் அவளுக்கு எதைச் சொன்னாலும் முடிவில், "பின்ன?" என்று கேட்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் அகிலேஷ் ஒரு பாகப்பத்திரம் எழுத வந்தான். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பிடிக்க ஒரு சூப்பர் ஹீரோ தொடர் வேண்டும், பிள்ளைகள் எல்லாம் போனில் வெளிநாட்டு வீரர்களையே பார்க்கிறார்கள் என்று அழுதான். நெல்லையப்பனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த வீரர்களைப் பார்த்திருக்கிறார். காலத்தில் பின்னால் போவார்கள். யுத்தத்தை நிறுத்துவார்கள், பூமியைக் காப்பாற்றுவார்கள். இவ்வளவு மெனக்கெட்டுப் போகிறவன் வழியில் பாறசாலையில் ஒரு நிமிஷம் இறங்கினால் என்ன என்று ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தோன்றும்.

"எனக்கிட்ட ஒருத்தன் உண்டு," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

கதையும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். போர்வைக்குள் கிடக்கும் இளைஞனை டபுள்பெல் வந்து எழுப்பி, தோளில் தூக்கிக்கொண்டு, மணி அடித்து, பிளாட்பாரத்தில் காத்து நிற்கும் சிநேகிதன் முன்னால் இறக்கிவிடுகிறான். வண்டி வருகிறது. இருவரும் ஏறுகிறார்கள். அவ்வளவுதான். மரண அறிவிப்புக்காக அதிர்த்தி விஷன் பார்க்காத வீடு இந்தப் பக்கம் இல்லை. வேலாயுதன் பார்ப்பார். தேதியைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். நேரில் சொல்லத் தைரியம் இல்லாதவன் டிவி வழியாகச் சொல்கிறான் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

அதனால்தான் யானையைக் கண்டு தலையில் கைவைத்தார்.

அன்றைக்குப் பத்திரம் ஒன்று ரிஜிஸ்டருக்குக் காத்திருந்ததால் அவருக்கு நிற்க நேரமில்லை. இது கொல்லம் ஆண்டு, இங்கிலீஷ் வருஷத்துக்கும் இதற்கும் எண்ணூற்றிருபத்தைந்து வித்தியாசம் உண்டு, கணக்குப் பார்த்து எடு என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். அகிலேஷ் தலையாட்டினான். போனில் கணக்கும் பார்த்தான். ஆனால் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து நெல்லையப்பனின் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. வெள்ளி உடுப்பும் ஹெல்மெட்டுமாக டபுள்பெல் நடுவில் நிற்கிறான். வேஷம் போட்டவன் ஷிஜு, ஏசி மெக்கானிக். அவனைச் சுற்றிலும் வாழையிலையையும் தேக்கிலையையும் இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டுப் பேர். பின்னால் அதே யானை. வாடகை மூன்று நாளைக்குப் பேசியிருந்ததாம்.

நெல்லையப்பன் போன் போட்டார்.

"எலே, இது என்னதுலே?"

"346 சாரே. 346-ல சட்டை உண்டா இல்லியாண்ணு ஒரு சம்சயம் வந்தது. எதுக்கு வம்புன்னு கழற்றியாச்சு."

இனி இவனை நம்பினால் அடுத்தது குரங்கிலிருந்து ஆரம்பிப்பான் என்று, நெல்லையப்பன் பேக்கரி மாடிக்கே நேரில் போய் 23-1-1996 என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அகிலேஷ் அதை வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷத்தில் ஸ்டேஷன் உண்டு. ஸ்டேஷன் இருந்தால் அங்கே படம் எடுக்க அனுமதி வேண்டும். ஒளிபரப்பு வெள்ளிக்கிழமை ஆறு மணி என்று போஸ்டர் ஒட்டியாயிற்று.

அனுமதி மனுவை நெல்லையப்பனே எழுதினார். ஆதாரம் எழுதிய கை சும்மா இருக்குமா? கிழக்கே இன்னது, மேற்கே இன்னது என்று பிளாட்பாரத்துக்கு நான்கு எல்லையும் சொல்லி, அதில் நிற்கும் புளியமரம் உட்பட எழுதிவிட்டார். படித்த உத்தியோகஸ்தர், ஸ்டேஷனை யார் யாருக்கு விற்கிறார்கள் என்று கவலையோடு கேட்டார். மேலே அனுப்பிப் பதில் வர மாசக்கணக்காகும் என்றார்.

அகிலேஷே ஒரு வழி கண்டுபிடித்தான். உதியன்குளங்கரை பஸ் காத்திருப்புக் கொட்டகையில் மஞ்சள் போர்டு வைத்து, கறுப்பில் 'பாறசாலை' என்று மூன்று பாஷையில் எழுதிவிட்டால் ஸ்டேஷன் ஆயிற்று. ஏதாவது ஒரு பஸ் வந்து நிற்கும்போது படியை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் ரயில் ஆயிற்று. நெல்லையப்பனுக்கு மனசில்லை, ஆனாலும் யானைக்கு இது மேல் என்று சம்மதித்தார்.

வியாழக்கிழமை போர்டு ஏறிய அரை மணி நேரத்தில், திருவனந்தபுரம் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் போர்டைப் பார்த்து அவசர அவசரமாக இறங்கி, பாறசாலைக் கோயிலுக்கு எந்த வழி என்று கேட்டது. அவர்களை ஆட்டோ ஏற்றிவிடுவதற்குள் இன்னொரு பஸ்ஸிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். கூட்டம் கூடிவிட்டது. நெல்லையப்பன் ஒவ்வொருவரிடமும் போய் இது பாறசாலை இல்லை, பாறசாலை மாதிரி என்று விளக்கிக்கொண்டு நின்றார்.

காட்சி இதுதான். வேலாயுதன் வேஷத்தில் அனூஜ், கக்கத்தில் சுருட்டிய படத்தோடு படியில் ஒரு காலை வைத்து, சிநேகிதனுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்க்கவேண்டும். அப்போது டபுள்பெல், நெல்லையப்பன் வேஷத்தில் இருக்கும் அஸ்வந்தைத் தோளில் சுமந்துகொண்டு பாய்ந்து வரவேண்டும். களியக்காவிளைக்குப் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. அதன் கண்டக்டர் மோகனன் ஒரு சாயா குடிக்க இறங்கினார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று அகிலேஷ் கையைக் காட்டினான்.

அனூஜ் படியில் ஏறித் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருந்த நெல்லையப்பன் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார். அசல் வேலாயுதன்தான். அதே ஒல்லி, அதே தலைச்சாய்ப்பு. போகாதே மக்கா, வந்துவிட்டேன் பார் என்று கத்தவேண்டும் போல இருந்தது.

ஷிஜு பாய்ந்து வந்தான். வந்த வேகத்தில், எழுதிக்கொடுத்தபடியே இடுப்புக் கயிற்றைப் பிடித்து இரண்டு இழு இழுத்தான்.

டிங் டிங்.

டிரைவர் பதினெட்டு வருஷம் அந்த மணிக்குப் பழகியவர். திரும்பியும் பார்க்காமல் கியரைப் போட்டார். பஸ் கிளம்பிவிட்டது. படியில் தொங்கியபடி, கக்கத்தில் படத்தோடு, அனூஜும் கிளம்பிவிட்டான். சாயா கிளாஸோடு மோகனன் பின்னால் ஓடினார். அவரைப் பார்த்து ஷிஜுவுக்குச் சிரிப்புப் பீறிட்டு வந்தது. தோளிலிருந்த அஸ்வந்துக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அகிலேஷ் கேமராவை நிறுத்தவே இல்லை.

ஆட்டோவில் துரத்திப் போய்ப் பாறசாலையில் பஸ்ஸைப் பிடித்த மோகனன், அதே ஆட்டோவில் அனூஜோடு திரும்பி வந்து, ஷிஜுவின் இடுப்பிலிருந்த மணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். மணி இல்லாத டபுள்பெல்லை வைத்து மேற்கொண்டு எதுவும் எடுக்க வழியில்லை.

எடுத்தவரை சரியாக வெட்டி ஒட்டிவிடுவேன் என்று அகிலேஷ் சத்தியம் செய்தான். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நெல்லையப்பன் டிவி முன்னால் உட்கார்ந்தார். 'கொல்லம் 1171, மகரம் 9' என்று எழுத்து விழுந்தபோது உடம்பு சிலிர்த்தது. அப்புறம் யானை வந்தது. ஆறு நிமிஷம் யானை. அப்புறம் தேக்கிலைக்காரர்கள். டபுள்பெல் ஒவ்வொரு காலத்திலும் போய், அவன் இங்கே இல்லையா, இங்கே இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அது அகிலேஷ் கடைசி நேரத்தில் பேசிச் சேர்த்த குரல். எதற்கோ நெல்லையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைசியில் கொட்டகை வந்தது. சிநேகிதன் படியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். டபுள்பெல் வருகிறான். மணி அடிக்கிறான். வண்டி சிநேகிதனை ஒற்றைக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. அவனைப் பார்த்து, தோளில் இருக்கும் இளைஞன் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். சுபம்.

"சிரிப்புக் கதையா எழுதினிய? கொள்ளாம்," என்றாள் உமையம்மாள்.

நெல்லையப்பனுக்கு உலகமே இருண்டது. மன்னிப்புக் கேட்கப் போய், ஊரைக் கூட்டி வைத்துப் பரிகாசம் செய்தாயிற்று. தன்னை ஏமாற்றியவன் இருபத்தொன்பது வருஷம் கழித்து டிவியிலும் சிரிக்கிறான் என்றுதானே வேலாயுதன் நினைப்பார்? இனி எந்தக் காலத்துக்கு எந்த வீரன் போனாலும் இதைச் சரிசெய்ய முடியாது. போகவேண்டியது, செருப்பை மாட்டிக்கொண்டு, தான்தான்.

ரப்பர்த் தோட்டத்துப் பாதையில் அவர் நடந்தார். நடந்தார் என்பதைவிட ஓடினார் என்பது சரி. ஐந்து நிமிஷத்தில் வீடு வந்துவிட்டது. இவ்வளவு கிட்டத்திலா இருந்தான் என்று இருந்தது அவருக்கு.

கேட்டைத் திறக்கும்போது உள்ளே டிவி சத்தம் கேட்டது. யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். டிவி பட்டென்று நின்றது. பின்கதவு திறந்தது, காய்ந்த சருகின்மேல் தடதடவென்று ஒரு ஆள் ஓடுகிற சத்தம் கேட்டு, தேய்ந்து, நின்றது. நெல்லையப்பன் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டார். வீடுதேடி வந்தவனைப் பார்க்கப் பிடிக்காமல் ஐம்பத்தொரு வயதில் பின்கதவு வழியாக ஓடுகிறான் என்றால், எவ்வளவு வெறுத்திருப்பான்?

வேலாயுதனின் மனைவி கிருஷ்ணம்மா முன்வாசலுக்கு வந்தாள்.

"வாங்கண்ணே. கேறி இரிங்க."

அவர் ஏறவில்லை, உட்காரவுமில்லை. முற்றத்தில் நின்றபடியே, அவன் காதில் விழட்டும் என்று வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"டிவியில வந்தது நான் எழுதினது இல்ல கிருஷ்ணம்மா. நான் எழுதினதுல ரெண்டுபேரும் சேந்தாக்கும் வண்டியில ஏறுவாங்க. அண்ணைக்கு நான் டேசனுக்குப் போவல்ல. பயந்து போர்வைக்குள்ள கெடந்தேன். அவன் படத்தையும் வச்சுக்கிட்டு அங்ஙன ஒத்தைக்கு நிண்ணான். அதுக்கு அவன் என்ன தண்டனை தந்தாலும் செரி. எனக்கு அவன் இல்லாம முடியல்ல, அதச் சொல்லத்தான் வந்தேன்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிருஷ்ணம்மா அவரைப் பார்த்தாள். தலையைத் திருப்பித் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு படியில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்த மனுசன் இத்தன வருசமா உங்களக் கண்டா ஓடுதது எதுக்காக்கும்ணு நெனச்சிய? அண்ணைக்கு டேசனுக்கு அவரும் போவல்ல."